பழைய வண்ணத்துப்பூச்சிப் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வண்ணத்துப்பூச்சிப் படத்தாள் ஒன்று வாங்கியிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் வந்த பீட்டர் கிராமரின் வண்ணத்துப்பூச்சி நூலிலிருந்து பிரித்தெடுத்தது, கையால் வண்ணமிட்டது என்று சொல்லி விற்றார்கள். இறக்கையில் உள்ள நுணுக்கம் உடலில் இல்லை. வெள்ளைப் பட்டைகள் கறுத்திருக்கின்றன. போலியாக இருக்குமா? எப்படிச் சோதிப்பது?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளை வைத்து அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்கு அன்று ஈய வெள்ளை பூசுவார்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் அது ஈய சல்பைடாகிக் கறுக்கும். பூசாமல் தாளின் வெண்மையையே விட்ட இடங்கள் அப்படிக் கறுப்பதில்லை.

உடல் விஷயத்தில், பூச்சி எந்த நிலையில் ஓவியரின் மேசைக்கு வந்தது என்று பார்க்கவேண்டும். லண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் (இறப்பு 1718) கப்பல் மருத்துவர்களையும் மாலுமிகளையும் சேகரிக்கச் சொன்னவர். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்ததுமே, செடியைப் பாடம் செய்வதுபோலப் புத்தகத் தாள்களுக்கிடையே வைக்கச் சொன்னார். சிலவற்றை மைக்காத் தகடுகளுக்கிடையே வைத்து ஓரம் ஒட்டினார். இறக்கை தப்பிக்கும், உடல் நசுங்கிப்போகும். ஊசி குத்தி வைத்தாலும் உடல் காய்ந்து சுருங்கும், உணர்கொம்பு ஒடியும், வண்டுப் புழுக்கள் உடலைத் தின்னும். ஆம்ஸ்டர்டாம் வணிகரான கிராமர் டச்சுச் சேகரிப்புகளில் இருந்த இத்தகைய காய்ந்த பூச்சிகளைத்தான் வரையவைத்தார். 1775 முதல் 1782 வரை 400 படத்தாள்கள் வந்தன. கிராமர் 1776இலேயே இறந்துவிட, காஸ்பர் ஸ்டோல் பணியை முடித்தார்.

ஓவியர் மரியா சிபில்லா மெரியனின் வழி வேறு. 1699இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்று, புழுக்களை வளர்த்து, உணவுச் செடியோடு சேர்த்து வரைந்தார். 1705இல் வந்த அவருடைய 60 படத்தாள்களில் தெரியும் உயிர்ப்பைக் கிராமரிடம் தேடுவது நியாயமில்லை.

சோதனைக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். சீரான புள்ளிவலை தெரிந்தால் நவீன அச்சு, அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. செப்புத் தகட்டு அச்சில் கோடுகளின் மை தாளிலிருந்து சற்றே எழும்பி நிற்கும். உளியால் செதுக்கிய கோடு ஊசிமுனையாக முடியும். கைவண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டும், காய்ந்த ஓரத்தில் அடர்ந்திருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கம்பிச் சல்லடையில் வார்த்த பழைய வரித்தாளில் நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 25 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். படத்தைச் சுற்றியுள்ள தகட்டுத் தடத்தை (அச்சிடும்போது தகட்டின் ஓரம் அழுந்திய தடம்) மட்டும் நம்பிவிடாதீர்கள். நூலைக் கட்டும்போது ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அசலிலும் இருக்காது. மறுஅச்சுகளில் செயற்கையாக அழுத்துவதும் உண்டு.

இவற்றைவிட வலுவான சோதனை ஒன்று உண்டு. கிராமரின் நூல் மின்வடிவில் இணையத்தில் கிடைக்கிறது. அதே படத்தை எடுத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். ஒரே தகட்டின் அச்சு என்றால் கோடுகள் மயிரிழை பிசகாது. நிறம் மாறியிருந்தால் கவலை வேண்டாம், ஒவ்வொரு பிரதியும் தனித்தனியே வண்ணமிடப்பட்டது. கடினமான கேள்வி, அச்சு அசலாகவும் வண்ணம் பிற்காலத்ததாகவும் இருக்கலாமே என்பதுதான். தாளின் பின்பக்கம் பாருங்கள். செம்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை பூசிய இடம் காலப்போக்கில் தாளை அரித்துப் பின்னால் பழுப்பாக ஊறித் தெரியும்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே வண்ணத்தால் ஏமாந்ததுண்டு. வில்லியம் சார்ல்டன் என்பவர் பெட்டிவருக்கு அனுப்பிய மஞ்சள் பூச்சியை 1763இல் புதிய இனமாகப் பெயரிட்டார். அது சாதாரணக் கந்தகமஞ்சள் பூச்சி, கரும்புள்ளிகள் இறக்கைமேல் தீட்டப்பட்டவை என்று 1793இல் பூச்சியியலாளர் ஃபப்ரீஷியஸ் கண்டுபிடித்தார்.

கறுத்த வெள்ளையைத் தயவுசெய்து நீங்களே துடைக்காதீர்கள். வண்ணம் பிசினில் குழைத்தது, ஈரம் பட்டால் கரைந்து பரவும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதை மறுபடி வெளுக்கவைக்க முடியும், ஆனால் அது காகிதப் பாதுகாப்பு வல்லுநரின் கைவேலை. படச் சட்டத்துக்குள் அமிலமற்ற அட்டை வையுங்கள். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், சில சிவப்பு வண்ணங்கள் எளிதில் வெளிறும்.