அமெரிக்கப் பொது நூலகங்கள்ல ஸ்பானிஷ் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு இடம்? அங்க இப்போ புதுசா என்ன நடக்குது?

எடுத்துட்டுப் போக ஆள் இருக்கு, அதனால வாங்கி வைக்கிறாங்க. நான் இருக்கிறது நியூயார்க்ல குவீன்ஸ் பக்கம். ஏழாம் நம்பர் ரயில் தலைக்கு மேல ஓடுற ரூஸ்வெல்ட் அவென்யூல ஜாக்சன் ஹைட்ஸ்லேந்து கொரோனா வரைக்கும் நடந்தீங்கன்னா கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, பெருன்னு கடை போர்டு பாதிக்கு மேல ஸ்பானிஷ்தான், அந்த ஏரியால இருக்கிற லைப்ரரில இங்கிலீஷ் மட்டும் அடுக்கி வச்சா யாருக்கு பிரயோஜனம்? நாடு முழுக்க வீட்டுல ஸ்பானிஷ் பேசுறவங்க 4 கோடிக்கு மேல இருக்காங்க.

உங்க கேள்வியோட விளக்கத்துல "ஒரு அந்நிய மொழிக்கு எதுக்கு வரிப்பணம்"னு கேட்டிருக்கீங்க, அந்த இடத்துலதான் எனக்கு ஒத்துப் போகல. போர்ட்டோ ரிக்கோ 1898லேந்து அமெரிக்கா கையில இருக்கு, 1917லேந்து அந்த ஊர்க்காரங்க அமெரிக்கக் குடிமக்கள், அவங்க பேசுறது ஸ்பானிஷ். அப்புறம் எப்படி அது அந்நிய மொழி? 2025 மார்ச் 1ஆம் தேதி டிரம்ப் இங்கிலீஷ்தான் ஆட்சி மொழின்னு ஒரு உத்தரவு போட்டாரு, உண்மைதான், ஆனா அது மத்திய அரசுத் துறைகளைப் பத்தினது, எங்க ஏரியா லைப்ரரி பெரும்பாலும் நகரத்துக் காசுல ஓடுது, அந்த ரேக்கை யாரும் வந்து காலி பண்ணல.

இது நேத்து வந்த பழக்கமும் இல்ல. பூரா பெல்ப்ரேன்னு ஒரு அம்மா, போர்ட்டோ ரிக்கோலேந்து கூடப் பிறந்தவளோட கல்யாணம்னு நியூயார்க் வந்தவங்க இங்கயே தங்கிட்டாங்க, 1921ல ஹார்லெம்ல 135வது தெரு கிளைல வேலைக்குச் சேர்ந்தாங்க, நியூயார்க் பொது நூலகத்தோட முதல் போர்ட்டோ ரிக்கன் லைப்ரரியன் அவங்கதான். பசங்களை உட்கார வச்சு ரெண்டு மொழிலயும் கதை சொல்வாங்க. சின்ன வயசுல அவங்க கேட்ட கதை ஒண்ணு கூட அந்த அலமாரில இல்லங்கவும் தானே எழுத ஆரம்பிச்சு 1932ல புத்தகமா கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடியே 1929ல 115வது தெரு கிளைக்கு மாறினவங்க, ஜனவரி 6ல வர்ற மூணு ராஜாக்கள் பண்டிகையை (குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவங்களை நினைச்சுக் கொண்டாடுறது) லைப்ரரிக்குள்ளயே கொண்டாட வச்சாங்க. 1996லேந்து அவங்க பேர்ல லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க எழுதுற, வரையுற குழந்தை இலக்கியத்துக்கு விருது கொடுக்கிறாங்க. ஸ்பானிஷ் ரேக்குக்கு நூறு வருஷ வரலாறு இருக்குன்னு நான் சொல்றது இதனாலதான்.

சரி, இனி புதுப் புத்தகம் எப்படி வருதுன்னு பார்ப்போம். கொஞ்சம் ஏஜென்சிகள் மூலமா வரும், அது போரடிக்கிற விஷயம், விட்டுடலாம். சுவாரசியமானது குவாதலஹாரா. மெக்சிகோல இருக்கிற ஊரு, 1987லேந்து நவம்பர் கடைசில அங்க புத்தகக் கண்காட்சி நடக்குது, ஸ்பானிஷ் உலகத்துல அதுதான் பெருசு (2019ல இந்தியாதான் சிறப்பு விருந்தினர் நாடு). அமெரிக்க நூலகச் சங்கமும் கண்காட்சிக்காரங்களும் சேர்ந்து இங்கேயிருந்து தேர்வாகிப் போற லைப்ரரியன்களுக்கு நுழைவு இலவசம், மூணு ராத்திரி ஹோட்டல் இலவசம்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. லைப்ரரியன்களே நேர்ல போய்ப் புரட்டிப் பார்த்து வாங்குறாங்க. ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா ஈக்வடார்லயோ பொலிவியாலயோ ஒரு சின்னப் பதிப்பகம் போட்ட புக் பக்கத்து நாட்டுக் கடைக்கே சரியா போய்ச் சேராது, நியூயார்க் வரைக்கும் தானா எங்க வரப் போகுது?

ஆனாலும் புதுசுன்னு வச்சிருக்கிற ரேக்ல பாதி என்னமோ இங்கிலீஷ் பெஸ்ட்செல்லரோட மொழிபெயர்ப்பும் சுயமுன்னேற்றமும்தான், அது எனக்குக் குறைதான். நல்லது வர்றப்போ ரொம்ப நல்லது வரும். கொலம்பியா எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதி, கிழிச்சுப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போன கடைசி நாவலை அவர் பசங்க 2024 மார்ச் 6, அவரோட பிறந்தநாள் அன்னிக்கு வெளியிட்டாங்கல்ல, அது ஸ்பானிஷ்ல வந்து கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சுதான் இங்கிலீஷ்ல வந்துச்சு. ஸ்பானிஷ் படிக்கத் தெரிஞ்சா அந்த லாபம் உண்டு. ஒரு சின்ன எச்சரிக்கை, ஸ்பானிஷ் புக்ஸ் நிறையத்துல முதுகுல தலைப்பு கீழேந்து மேல ஓடும், இங்கிலீஷ்ல மேலேந்து கீழ, அந்த ரேக்குக்குப் போனதும் கழுத்தை இன்னொரு பக்கம் சாய்ச்சுப் படிக்கணும்.

நாவலை விட அவசியமா தேடுறது வேற வகை. பள்ளி முடிக்காதவங்க எழுதுற ஜிஈடி பரீட்சையை ஸ்பானிஷ்லயே எழுதலாம், அதுக்கான கைடு. அப்புறம் குடியுரிமைத் தேர்வு புக். 2025 அக்டோபர் 20லேந்து விண்ணப்பிச்சவங்களுக்கு கேள்வித் தொகுப்பு 100லேந்து 128 ஆயிடுச்சு, முன்ன 10 கேள்வில 6 சொன்னா போதும், இப்போ 20ல 12 சொல்லணும், அதனால பழைய கைடை நம்பிப் போயிடாதீங்க, எடுக்கும்போதே எந்த வருஷப் பதிப்புன்னு பாருங்க. இங்கிலீஷ்லதானே தேர்வு, ஸ்பானிஷ் புக் எதுக்குன்னு கேப்பீங்க. 50 வயசுக்கு மேல ஆகி கிரீன் கார்டோட 20 வருஷம் இருந்தவங்க, இல்ல 55 வயசு ஆகி 15 வருஷம் இருந்தவங்க அவங்கவங்க மொழிலயே பதில் சொல்லலாம். நம்ம ஊர் அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும், தமிழ்லயே சொல்லலாம், மொழிபெயர்க்க ஆளை மட்டும் நாமதான் கூட்டிட்டுப் போகணும்.

மத்த விஷயம் வேகமா சொல்லிடறேன். லேட் ஃபைன் 2021 அக்டோபர்லேந்து நியூயார்க் நகரத்தோட மூணு நூலக அமைப்புலயும் கிடையாது, தொலைச்சா மட்டும் காசு கட்டணும், பழைய ஃபைனுக்குப் பயந்து பல வருஷம் உள்ளயே வராதவங்க திரும்ப வரலாம். பட்ஜெட் வெட்டுனால 2023 நவம்பர்ல ஞாயித்துக்கிழமை சேவையை நிறுத்தினாங்க, ஊரே சண்டை போட்டு 2024 ஜூன்ல முடிவான பட்ஜெட்ல 58.3 மில்லியன் டாலரை திரும்ப வாங்கிக் கொடுத்துச்சு, ஞாயிறும் திரும்பி வந்துச்சு. ஆனா எல்லாக் கிளையும் ஞாயிறு திறக்காது, கிளம்பறதுக்கு முன்னாடி நேரத்தைப் பார்த்துக்கோங்க. கார்டு எடுக்க அடையாள அட்டையும் விலாசத்துக்கு ஆதாரமும் போதும், விசா நிலைமை எல்லாம் கேக்க மாட்டாங்க.

குழந்தைங்க இருந்தா ஏப்ரல் 30 பக்கமா போங்க, அது அமெரிக்க நூலகங்கள்ல குழந்தைகளும் புத்தகங்களும்னு கொண்டாடுற நாள், இதுவும் 1996ல ஆரம்பிச்சதுதான், ரெண்டு மொழிக் கதை நேரம் நிறைய இடத்துல இருக்கும். ஸ்பானிஷ் தெரியாட்டியும் உட்காரலாம், ஒரே பக்கத்துல ரெண்டு மொழியும் இருக்கிற படப் புத்தகமா கேளுங்க, எடுத்துக் கொடுப்பாங்க.