டப்பாவில் சிரிக்கும் தொப்பிக்காரர்: குவேக்கர் ஓட்ஸ் கேள்வி-பதில்

குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் தொப்பியோடு சிரிக்கிறாரே, அவர்தான் கம்பெனியைத் தொடங்கியவரா?

இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ரவென்னா என்ற ஊரில் இருந்த ஓர் ஆலை 1877-ல் பதிவு செய்த சின்னம் அது. குவேக்கர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர், நாணயத்துக்குப் பெயர்போனவர்கள். அந்த நல்ல பெயருக்காகவே அந்த உருவத்தை வைத்தார்கள். கம்பெனிக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தம் கிடையாது.

குதிரைத் தீனியாக இருந்த ஓட்ஸ், மனிதர்களின் காலை உணவானது எப்படி?

ஸ்காட்லாந்தில் அது பழங்காலத்திலிருந்தே மனிதர்கள் சாப்பிட்ட கஞ்சிதான். அமெரிக்காவில்தான் பெரும்பாலும் குதிரைக்குப் போனது. ஜெர்மனியிலிருந்து வந்து அக்ரன் நகரில் கடை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர், 1850-களில் ஓட்ஸை அரைத்து விற்க ஆரம்பித்தார். அப்போதெல்லாம் கடைகளில் திறந்த பீப்பாயிலிருந்து அள்ளித்தான் கொடுப்பார்கள். தூசி, பூச்சி எல்லாம் சேர்ந்தே வரும்.

1881-ல் ரவென்னா ஆலையை வாங்கிய ஹென்றி க்ரோவெல் இதை மாற்றினார். மூடி ஒட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் சமைக்கும் முறை. 1891-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் வீடு வீடாகச் சின்ன மாதிரிப் பெட்டி கொடுத்தார்கள். சுத்தமான உணவை நம்பி வாங்கலாம் என்ற நிம்மதியைச் சாதாரணக் குடும்பங்களுக்குத் தந்தது அந்தப் பெட்டி. க்ரோவெலின் பெரிய சாதனை என்று நான் அதைத்தான் சொல்வேன். போட்டி ஆலைகள் ஒன்றாக இணைந்து, 1901-ல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி உருவானது. 2001 முதல் அது பெப்சிகோவிடம் இருக்கிறது.

ஓட்ஸ் ரத்தக் கொழுப்பை (கொலஸ்ட்ராலை) குறைக்கும் என்பது உண்மையா, விளம்பரமா?

உண்மை. ஆனால் அளவு முக்கியம். ஓட்ஸில் பீட்டா-குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சி வழவழப்பாக இருப்பது அதனால்தான். குடலில் அது கூழ்போல் ஆகி, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிவிடும். கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். குவேக்கர் கொடுத்த மனுவை ஆராய்ந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸ் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று லேபிளில் சொல்ல 1997-ல் அனுமதித்தது. அதற்குத் தினமும் 3 கிராம் பீட்டா-குளுக்கான் வேண்டும். 40 கிராம் உலர் ஓட்ஸில் கிடைப்பது ஏறத்தாழ 1.5 முதல் 2 கிராம்தான். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் மட்டும் போதாது. பருப்பு, காய்கறி, பழம் எல்லாம் கூடவே வேண்டும். டாக்டர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இந்த நன்மைக்குக் குவேக்கர்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நன்மை தானியத்தில் இருக்கிறது. எந்தக் கம்பெனியின் முழு ஓட்ஸும் சரி.

இன்ஸ்டன்ட் பாக்கெட் வாங்கலாமா?

சர்க்கரை நோய் இருந்தால் தடிமனான ஓட்ஸ் அவலாகவோ, வெட்டிய ஓட்ஸாகவோ வாங்குங்கள். இன்ஸ்டன்ட் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். இனிப்புச் சேர்த்த வகையென்றால், பாக்கெட்டின் பின்பக்கத்தில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.