காலேஜ் ஃபுட்பால் கேமில் ஸ்லைடர்களை எப்படி வைத்தால் ஆட்டம் நிஜம்போல இருக்கும்?

"ஆல்-அமெரிக்கனில் வாராவாரம் 60 பாயின்ட் போடுகிறேன், ஹைஸ்மனுக்குப் போனால் எதிரணி குவார்ட்டர்பேக் ஒரு பந்தைக்கூடத் தவறவிடுவதில்லை, சரியான எண்களை யாராவது கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆல்-அமெரிக்கனும் ஹைஸ்மனும் கேமின் கடின லெவல்கள், ஹைஸ்மன்தான் உச்சம். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறியும் வீரர். ஸ்லைடர் என்பது ஒவ்வொரு திறனையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமான காலேஜ் ஃபுட்பால் 25 அல்லது 26, டைனஸ்டி மோட் (ஓர் அணியைப் பல சீசன் நடத்துவது), கம்ப்யூட்டருக்கு எதிராக, பெரிய பல்கலை ஒன்றை எடுத்து ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆன்லைனில் ஆளோடு ஆள் மோதுபவர்களுக்கு இது பொருந்தாது.

யாரோ கொடுக்கும் எண்களை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். அவர் பாஸ் போட மீட்டர் (பட்டனை அழுத்தும் அளவைக் காட்டும் பட்டை) வைத்து ஆடுபவராக இருக்கலாம், நீங்கள் அது இல்லாத கிளாசிக் முறையில் ஆடலாம். மீட்டர் முறையில் உங்கள் பாஸின் துல்லியம் பெருமளவு உங்கள் கட்டைவிரல் கையில் இருக்கிறது. ஒரே எண் இரண்டு பேருக்கு இரண்டு ஆட்டமாகத்தான் விளையும்.

ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். நிஜத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 65 முதல் 70 ப்ளே (பந்தை எடுத்து முன்னேறும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு ப்ளே) ஆடுகிறது. கேமில் 15 நிமிடக் குவார்ட்டர் வைத்து, கடிகார வேகக் கூட்டலை (ஆக்சிலரேட்டட் கிளாக்) அணைத்துவிட்டு, ப்ளேயைச் சட்டென்று தேர்ந்தெடுத்து ஆடினால் இருவருக்கும் 90 தாண்டிவிடும். பிறகு 60 பாயின்ட் வருவதில் என்ன ஆச்சரியம்? கணக்கு இதுதான்: ப்ளே கிளாக், அதாவது அடுத்த ப்ளேயைத் தொடங்கக் கொடுக்கும் நேரம், 40 விநாடி. ஆக்சிலரேட்டட் கிளாக்கை 20-இல் வைத்தால் 20 விநாடி தானாக ஓடிவிடும். வரிசையில் நிற்க ஒரு 5, ப்ளே நடக்க ஒரு 6, ஆக 31. பந்து பிடிபடாமலோ கோட்டுக்கு வெளியிலோ போய்க் கடிகாரம் நின்ற ப்ளேக்கு வெறும் 6. பத்தில் மூன்று அப்படி என்றால் சராசரி 23, 24 விநாடி. 13 நிமிடக் குவார்ட்டரில் மொத்தம் 3120 விநாடி, அதாவது இரு அணிக்கும் சேர்த்து 130 சொச்சம் ப்ளே. அதனால் 13 நிமிடம், 20 விநாடி என்று ஆரம்பியுங்கள். நீங்கள் நோ-ஹடில் (கூடிப் பேசாமல் உடனே அடுத்த ப்ளேக்குப் போவது) பிரியர் என்றால் அந்த 20 விநாடி ஓடாது, எண்ணிக்கை எகிறும். அப்போது குவார்ட்டரை 11-க்கு இறக்குங்கள்.

ஒப்பிடுவதற்கு நிஜ அளவுகள் தோராயமாக: பாஸ் பிடிபடுவது 60 சதவீதத்தை ஒட்டி, ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு 2 சாக் (எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), ஒன்றுக்கும் சற்றுக் குறைவான இன்டர்செப்ஷன் (பாஸை எதிரணி பறிப்பது), 6 பெனால்டி, 27 பாயின்ட் அளவில் ஸ்கோர். ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) நான்கில் மூன்று உள்ளே போகும். ரன், அதாவது பந்தோடு ஓடுவது, அதன் சராசரியைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டு ரன்னிலிருந்து கழிக்கப்படுகிறது, என்எஃப்எல் கணக்கில் அப்படி இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் "ரன் ரொம்பச் சுலபம்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்து லெவல். ஆல்-அமெரிக்கனிலேயே இருங்கள். என் கணிப்பில் ஹைஸ்மன் என்பது கம்ப்யூட்டர் அணிக்குக் கொடுக்கும் ஊக்க மருந்து. அங்கே வீரர்களின் ரேட்டிங்குக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது, 68 ரேட்டிங் கார்னர்கூட (ரிசீவரை மறிக்கும் தற்காப்பு வீரன்) 90 ரேட்டிங் ரிசீவரின் (பாஸைப் பிடிப்பவன்) நிழலாக ஓடுகிறான். "ஹைஸ்மனில் ஜெயிக்கத் தெரியாதவன்தான் ஸ்லைடர் பேசுவான்" என்று கீழே எழுத ஒருவர் நிச்சயம் வருவார். வரட்டும். ஜெயிப்பது எப்படி என்று யாரும் இங்கே கேட்கவில்லை.

எல்லா ஸ்லைடரும் 50-இல் இருக்கட்டும். நான்கைந்து ஆட்டம் ஆடி, ப்ளே எண்ணிக்கை, பாஸ் சதவீதம், சாக், சாக் நீக்கிய ரன் சராசரி ஆகியவற்றை எழுதிவையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர், 3 முதல் 5 புள்ளிக்கு மேல் வேண்டாம். ஒரே ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் பத்தை இழுத்தால் எது வேலை செய்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆட்டங்களையும் பார்த்து எடுங்கள். 25-இல் ஆடக் கடினமான மைதானங்களின் பட்டியலில் முதலிடம் டெக்சாஸ் ஏ&எம்மின் கைல் ஃபீல்டு. அங்கே வெளியூர் அணியாகப் போனால் திரை அதிரும், ரிசீவர் ஓடும் பாதைக்கோடு நெளியும். அந்த ஆட்டத்தின் பாஸ் சதவீதத்தை வைத்து எதையும் மாற்றாதீர்கள். ஆர்மி, நேவி போன்ற ட்ரிப்பிள் ஆப்ஷன் (ஓட்டத்தையே நம்பும் ஆட்டமுறை) அணிகளும் அப்படித்தான். அவர்கள் பாஸ் போடுவதே அபூர்வம்.

ரன் சுலபமாக இருந்தால் யார்டு எங்கே கிடைக்கிறது என்று ரீப்ளேயில் பாருங்கள். யாரும் தொடுவதற்கு முன்பே 5 யார்டு கிடைத்தால் உங்கள் பக்கத்து ரன் பிளாக்கிங் (ஓடுபவனுக்கு வழி திறப்பது) கூடுதல், 50-ஐ 45 ஆக்குங்கள். ஒருவன் மோதிய பிறகும் உதறிக்கொண்டு ஓடினால் கம்ப்யூட்டர் பக்கத்து டேக்கிளிங்கை (ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது) 53, 54-க்கு ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் மூன்று அடியில் விழுந்துகொண்டே இருப்பீர்கள்.

இப்போது உங்கள் முக்கியத் தலைவலி, எதிரணியின் 80 சதவீத குவார்ட்டர்பேக். எல்லாரும் முதலில் கை வைப்பது கம்ப்யூட்டரின் க்யூபி அக்யூரசியில் (குவார்ட்டர்பேக்கின் எறியும் துல்லியம்). சதவீதம் குறையும்தான், ஆனால் ஆளே இல்லாத இடத்தில் பந்து தரையில் குத்தும். நிஜத்தில் பாஸ் கெடுவது பெரும்பாலும் நெருக்கடியாலும், ரிசீவரை மறிக்கும் கவரேஜாலும். ஆகவே குவார்ட்டர்பேக்கைக் காக்கும் கம்ப்யூட்டரின் பாஸ் பிளாக்கிங்கை முதலில் 45-க்கு இறக்குங்கள், அவன் அவசரப்பட்டு எறிவான். போதவில்லை என்றால் உங்கள் பக்கத்து ரியாக்‌ஷன் டைமை 55-க்கு ஏற்றுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் சகாக்கள் பந்தை நோக்கித் திரும்புவது சீக்கிரமாகும். பாஸ் கவரேஜ் அதற்குப் பிறகு. ரிசீவர் கேட்ச்சிங் 47-க்குக் கீழே போனால் சும்மா நிற்பவனே கைநழுவவிடுவான், பார்க்கச் சகிக்காது. அக்யூரசி கடைசி, அதுவும் 2, 3 புள்ளி.

உங்கள் பாஸை எதிரணி லைன்பேக்கர் (நடுவரிசைத் தற்காப்பு வீரன்) முதுகைக் காட்டியபடியே எம்பிப் பறிக்கிறான் என்றால் கம்ப்யூட்டர் பக்கத்து இன்டர்செப்ஷனை 35 முதல் 40 வரை தாராளமாக இறக்கலாம். பெரிய அளவில் மாற்றத் தயங்க வேண்டாத ஸ்லைடர் இது ஒன்றுதான். பறிப்பது தட்டிவிடுவதாக மாறும், வேறெதுவும் கெடாது. பெனால்டி ஸ்லைடர்களில் ஹோல்டிங்கை (எதிராளியைப் பிடித்து நிறுத்துவது) மட்டும் கொஞ்சம் ஏற்றினால் போதும். ஃபால்ஸ் ஸ்டார்ட்டைத் (ப்ளே தொடங்கும் முன்பே அசைவது) தொடாதீர்கள்.

ஸ்கோர் நெருக்கமாக வருவதுதான் நிஜம் என்று நினைத்து வேக வித்தியாசத்தைக் குறைக்கும் பாரிட்டி ஸ்லைடரையும் ஏற்றிவிடாதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் ஜார்ஜியா ஒரு சின்னப் பல்கலையை 45 பாயின்ட் வித்தியாசத்தில் அடிப்பதும் நிஜம், 2024 அக்டோபரில் வேண்டர்பில்ட் முதலிடத்திலிருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்ததும் நிஜம். நார்தர்ன் இல்லினாய் அதே சீசனில் நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று வென்றது, அந்த நோட்டர் டேம்தான் கடைசியில் சாம்பியன்ஷிப் இறுதிவரை போனது. ஆளுக்காள் வேகம் வித்தியாசப்பட்டால்தான் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

எரிச்சலூட்டும் விஷயம் அப்டேட்டுகள். ஆன்லைன்காரர்களின் புகாருக்காக ஆட்டத்தின் போக்கையே திருத்துகிறார்கள், தனியாக டைனஸ்டி ஆடுபவன் அக்டோபரில் சரிசெய்தது நவம்பரில் கோணலாகிறது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். செட்டைப் பெயர் போட்டுச் சேமித்துவைத்தால் பழையதற்குத் திரும்பலாம்.

கேட்காத ஒன்று. இவ்வளவு மெனக்கெட்டு நிஜத்தைத் துரத்துகிறோம், அந்த நிஜத்தில் பசிபிக் கரையோர ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் 2024 முதல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. தொலைக்காட்சிப் பணத்துக்காக, அவை முன்பு இருந்த மேற்குக் கரை கான்ஃபரன்ஸான (பல்கலை அணிகளின் கூட்டமைப்பு) பேக்-12-ஐச் சிதறடித்துவிட்டார்கள், மாணவன் கண்டம் தாண்டிப் பறந்து ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார வேண்டும். டைனஸ்டி தொடங்கும்போது கான்ஃபரன்ஸ்களை மாற்றும் வசதி இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு அணிகளையும் அங்கே ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில் நிஜம் எனக்கு வேண்டாம்.