கேளுங்கள், சொல்கிறோம்: பழைய கடற்படை விமானங்களும் மிச்சங்களும்

கேள்வி: தாத்தா போர்க்காலத்தில் ‘கருடா’வில் ஃபிட்டராக இருந்தவர். அவர் விட்டுப்போன அறுபது புகைப்படங்களும் சம்பளச் சீட்டுகளும் எண் பொறித்த ஒரு அலுமினியத் தகடும் ஒரே டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. படங்களில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. கொச்சியில் விசாரித்தால் அப்படி ஆள் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்? (நாகலூர், ஏற்காடு)

பதில்: கொச்சியில் தேடியதுதான் தவறு. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா அங்கே வந்தது 1953-ல். போர்க்காலத்து எச்.எம்.எஸ். கருடா என்பது கோவை பீளமேட்டு விமானத்தளம். 1942 முதல் அதைப் பிரிட்டிஷ் கடற்படை நடத்தியது, விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும் அங்கே இருந்தது. விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சூலூருக்கு ‘வைரி’, தாம்பரத்துக்கு ‘வல்லூறு’ என்று தமிழிலேயே எடுத்துக்கொண்டார்கள். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படை விமானப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் ‘ஏ.டி.எம். 207’ என்ற வரிசையில் இருக்கின்றன. படத்தில் தெரியும் விமானத்தின் வால்புற எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1940 வரை ஒதுக்கிய எண்களில் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும், அதன்பின் ஒதுக்கியவற்றில் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும்.

தகட்டில் கிரீடமும் ‘ஏ.எம்.’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சரக்கு முத்திரை. பக்கத்தில் உள்ள குறியீடு 6ஏ என்று தொடங்கினால் அளவுக்கருவி, 5சி என்றால் மின்சாதனம், 10 என்றால் ரேடியோ, 22சி என்றால் பறப்பவர் உடுப்பு. எண் தெரியவில்லை என்று புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இருட்டறையில் டார்ச்சைத் தகட்டோடு தகடாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் எழும்பும். அதைப் படம் எடுத்தால் போதும்.

இனி பூஞ்சணம். ஏற்காட்டு மூட்டத்தில் பெட்டியைத் திறந்து வைப்பது உதவாது. வெயில் காயும் நாளில், உச்சிப்பொழுதில், திண்ணையில் வைத்து வேலை பாருங்கள். முகக்கவசம் அவசியம். மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரே திசையில், உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்த துணியோடு முகமே வந்துவிடும். படத்தின் இரு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். பின்பக்கக் குறிப்பு பலமுறை முன்பக்கத்தைவிட மதிப்புள்ளது. உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். நெடி அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டாம்.

பெட்டி இரண்டாக வேண்டும். காகிதத்துக்கும் படத்துக்கும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், உலோகத்துக்கு அதற்கும் கீழே. 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் திரும்ப வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்றும் துணிப்பையில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும் வைத்து, மீட்டரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். சேலத்துக்குக் கொண்டுவந்தால் பெட்டியை ஒரு நாள் திறக்காதீர்கள். குளிர்ந்த படத்தில் கீழ்நாட்டுக் காற்று பட்டால் வேர்த்துவிடும்.

கேள்வி: காயலான் கடையில் எடைக்கு வாங்கிய விமானச் சக்கர வட்டு ஒன்றும், முள் உள்ள டயல் ஒன்றும் இருக்கின்றன. வட்டில் வெள்ளை பூத்திருக்கிறது. எங்கள் வெள்ளிப் பட்டறையில் ஆசிட் இருக்கிறது, ஒரு முக்கு முக்கி எடுத்தால் பளபளக்குமா? (செவ்வாய்பேட்டை, சேலம்)

பதில்: பளபளக்கும். பிறகு பாதி வட்டு தான் மிஞ்சும். ஆசிடும் வேண்டாம், காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துத் தின்னும். மெக்னீசியத்தை ஆசிட் தின்னும். உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். மறைவான இடத்தில் சுத்தமான உலோகம் தெரியும்படி லேசாகச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மெக்னீசியம். உடனே துடைத்துவிடுங்கள். எடை குறைய வேண்டும் என்று சக்கரம், கியர்பெட்டி உறை போன்ற வார்ப்புகளில் இதைப் போட்டார்கள். வெஸ்ட்லண்ட் வேர்ல்விண்ட், வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களில் உடல் தகடே பெரும்பாலும் மெக்னீசியம். உப்புக்காற்றில் அது வெள்ளைப் பொடியாகப் போவது இயல்பு. பார்க்கப்போனால் நம் சேலத்து வெள்ளைக்கல்லுக்கு, அதாவது மெக்னீசியத் தாதுக்கு, அந்தப் பொடி பங்காளிதான்.

மெக்னீசியத்தை ஊறவைக்காதீர்கள். நைலான் பிரஷ், மூங்கில் குச்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இவ்வளவுதான். கிரைண்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். சீவிய தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் கொதித்து எரியும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும்.

அலுமினியம் என்றால் உப்பை எடுப்பதுதான் வேலை. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு மணி நேரம் வைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி வையுங்கள். நான்கைந்து தரம் ஆகும். உப்பு போயிற்றா என்று பார்க்கும் வித்தை உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. வெள்ளியை நைட்ரிக் ஆசிடில் கரைத்து உப்புப் போட்டால் தயிர்போல் படியுமே, அதேதான் இங்கே தலைகீழாக. கடைசித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். கலங்கினால் உப்பு பாக்கி. தெளிவாக நின்றால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காயவைத்து மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசுங்கள். ஸ்டீல் உல் வேண்டாம், அதன் துணுக்கு உலோகத்தில் பதிந்து அங்கேயே அரிப்பைத் தொடங்கும். ஓரம் பரோட்டாபோல் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் அடித்தால் உப்பு உள்ளே சிறைப்பட்டு ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

டயலைத் திறக்காதீர்கள். 1940-களின் டயல் எழுத்துகளில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பது ஆறுதல் அல்ல. ஒளிரும் துத்தநாகச் சேர்மம்தான் தேய்ந்துபோகும், ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள். பூச்சைச் சுரண்டாமல், ஜிப் பையில் போட்டு, காற்றோட்டமான அறையில், படுக்கையிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்கு, துணி போர்த்திய பழைய பிரிட்டிஷ் கடற்படை விமானமான ஸ்வோர்ட்ஃபிஷின் இறக்கைத் துண்டு ஒன்று, நான்கடிக்கு மூன்றடி செய்கிறோம். துணிக்கு மேல் ஜவ்வரிசிக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்காதா? (அம்மாபேட்டை, சேலம்)

பதில்: ஒருநாள் கண்காட்சி என்றால் நிற்கும். மழை வாடை வந்தால் தொய்ந்து, மதியம் விறைத்து, சாயங்காலம் மறுபடி தொய்யும். கரப்பானுக்கும் விருந்து. அசலில் பூசியது ‘டோப்’ எனும் செல்லுலோஸ் கரைசல். காயும்போது சுருங்கித் துணியைத் தோல்மேளம்போல் இழுத்துப் பிடிக்கும். உங்களுக்குத் தச்சர்கள் வாங்கும் தெளிந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும்.

கோரா பருத்தித் துணி எடுங்கள். பாவில் கஞ்சி ஏறியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து அலசி, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் வைத்துப் பாருங்கள். கருநீலம் ஆனால் கஞ்சி இன்னும் போகவில்லை, பூச்சு உள்ளே இறங்காது. துணியைச் சட்டத்தில் சுருக்கம் இல்லாமல், ஆனால் இழுக்காமல் ஒட்டுங்கள். முன்னமே இறுக்கினால் பூச்சு சுருங்கும்போது சட்டம் முறுகும். மெழுகு ஏற்றிய நூலால் விலாக்கட்டையை (இறக்கைச் சட்டத்தின் குறுக்குக் கட்டையை)ச் சுற்றி மேல்துணியையும் கீழ்துணியையும் சேர்த்து மூன்றங்குலத்துக்கு ஒரு முடிச்சு. அதன்மேல் ஓரம் ரம்பப்பல்லாக வெட்டிய நாடா. முதல் பூச்சில் லேக்கருக்குச் சமமாகத் தின்னர் கலந்து துணியின் மறுபக்கம் நனையும்வரை தேயுங்கள். பிறகு இரண்டு பூச்சு, கடைசியாக அலுமினியப் பொடி கலந்த இரண்டு பூச்சு. அந்த வெள்ளி நிறம் அழகுக்கு அல்ல, வெயில் நூலை மக்கவிடாமல் தடுக்க. காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். ஆகவே வறண்ட நாளில், மரத்தடியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். இது பெட்ரோலைப்போல் பற்றும்.

துணிக்கு அடியில் ஸ்வோர்ட்ஃபிஷ் உலோகம்தான், இன்றும் வம்பு அங்கேதான். 1941-ல் பிளாக்பர்ன் நிறுவனம் கட்டிய டபிள்யூ 5856 என்ற ஸ்வோர்ட்ஃபிஷ், இறக்கைச் சட்டத்தில் அரிப்பு கண்டு 2003-ல் நிறுத்தப்பட்டு, புது இறக்கைகளோடு 2015-ல்தான் மறுபடி பறந்தது.

கேள்வி: அருங்காட்சியக விமானங்களை ஏன் அழுக்காக விட்டிருக்கிறார்கள்? புதுப் பெயின்ட் அடிக்கக் காசில்லையா? (சூரமங்கலம்)

பதில்: அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் யோவில்டன் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் உள்ள கே.டி. 431 என்ற கார்செயர் போர் விமானத்துக்கு 1963-ல் புதுச் சாயம் அடித்தார்கள். பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்து அதை அங்குலம் அங்குலமாக உரித்தபோது, அடியில் 1944-ன் அசல் பூச்சு அப்படியே இருந்தது. இந்த ரக விமானங்கள் போர் முடிந்ததும் கப்பலிலிருந்து கடலில் தள்ளப்பட்டன. அமெரிக்கா இரவல் தந்தவை. வைத்துக்கொண்டால் காசு கட்ட வேண்டும். அதனால்தான் எஞ்சிய ஒன்றின் கீறலுக்குக்கூட இவ்வளவு மரியாதை. எங்களைக் கேட்டால், பளபளக்கும் விமானத்தைவிட அந்த அழுக்கு விமானத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவோம்.

கேள்வி: இந்தியாவில் எங்கே பார்க்கலாம்? (ஆத்தூர்)

பதில்: கோவா, தாபோலிம் அருகே போக்மாலோவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகம். சீ ஹாக், சீ ஹாரியர், ஃபயர்ஃபிளை, சீலண்ட் எல்லாம் அங்கே உண்டு. சீ ஹாக் ஜெட் பக்கம் போனால் வாலில் புகைக்குழாயைத் தேடாதீர்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இருபுறமும் ஒவ்வொன்று.