கண்டாங்கியில் டான்ஜிரோ: வாசகர் கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்தில், டியூசல்டார்ஃப் நகரத்தில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றி நாலு வரி எழுதி, அங்கே நடக்கும் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) விழாவையும் போகிற போக்கில் சொல்லி வைத்தேன். அவ்வளவுதான். காரைக்குடியைச் சுற்றி இத்தனை அனிமே பைத்தியங்கள் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே! வந்ததில் நாலைந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போகிறேன். அனிமே விழாக்களில் பாரிஸில் நடக்கும் ஜப்பான் எக்ஸ்போதான் பெரிசு என்கிறார்கள். அதற்குத் தனி விசா வேண்டுமா? முதலில் எதற்குப் போகலாம்? (மாணவி, காரைக்குடி)

விசா கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஜெர்மனியில் தங்கிப் படிப்பதற்கான அட்டை கைக்கு வந்துவிட்டால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் தனி விசா இல்லாமலே போய் வரலாம், 180 நாளில் 90 நாள் வரைக்கும். லண்டன் மட்டும் கணக்கில் வராது, அதற்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிருந்தே நேராகச் சுற்றுலா போகிறவர்களுக்குத்தான் 90 யூரோ கட்டணமும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும்.

ஜப்பான் எக்ஸ்போ பெரிசுதான், சந்தேகமே இல்லை. 1999-ல் சில இளைஞர்கள் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் ஆரம்பித்தது, இப்போது பாரிஸுக்கு வெளியே வில்பாந்த் கண்காட்சி அரங்கில் ஜூலை மாசம் நாலு நாள், 2 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஆனால் முதல் தடவையே அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதி நேரம் வரிசையிலும் மீதி நேரம் கடைகளிலும் போய்விடும், பர்ஸ் காலியாகி, யாரோடும் ரெண்டு வார்த்தை பேசாமல் திரும்பி வருவீர்கள்.

டியூசல்டார்ஃபில் 'ஜப்பான் நாள்' என்று ஒரு விழா உண்டு. ஜப்பான் கம்பெனிகளும் குடும்பங்களும் அந்த ஊரில் நிறைய, அதனால் வந்த விழா. ரைன் ஆற்றங்கரையில் டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, அனிமே பாத்திரங்களாக வேஷம் போட்ட பிள்ளைகள் புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், ராத்திரி ஜப்பான் வாணவேடிக்கை. முதலில் அதைப் பாருங்கள். அதே ஊரில் 2009 முதல் டோகோமி என்ற பெரிய ரசிகர் மாநாடும் நடக்கிறது.

அப்புறம் கொன்னிச்சி என்ற விழா. என் மனசுக்குப் பிடித்தது இதுதான். 2002-ல் ஆரம்பித்து, பல வருஷம் காசல் நகரத்தில் நடந்து, 2023-ல் வீஸ்பாடனுக்கு மாறியது. அனிமெக்ஸ் என்ற ரசிகர் சங்கம் நடத்துகிறது, வேலை பார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். நம் பக்கத்தில் கல்யாணம் ஆனவுடன் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், என்று கோவில் கணக்கில் ஏற்றி வரி கட்டச் சொல்வார்களே, அங்கே பணத்துக்குப் பதில் உழைப்பாகக் கட்டுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். நாற்காலி போடுகிறவன் பகலில் பொறியாளனாக இருப்பான்.

நானும் ஒரு வருஷம் சின்ன விழா ஒன்றில் (பெயர் வேண்டாம்) உதவிக்கு நின்றேன். ஆயுதச் சோதனை மேசையில் போட்டார்கள். வேஷத்துக்காகக் கொண்டு வரும் வாளையும் கோடரியையும் தட்டிப் பார்த்து, உலோகமாக இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும். ஆறடி உயரத்தில் ஒரு பையன் தோளில் கத்தியோடு வந்தான், பார்த்தாலே பயமாக இருந்தது. கையில் வாங்கினால் வெறும் ஃபோம், தலையணை கனம் கூட இல்லை. மூன்று மாசமாகச் செய்தேன் என்றான். அந்த மேசையில் நின்ற ஒரு மதியத்தில் எனக்குக் கிடைத்த சிநேகிதம், டிக்கெட் வாங்கிச் சுற்றிய மூன்று வருஷத்தில் கிடைக்கவில்லை. நீங்களும் உதவியாளாகப் பெயர் கொடுங்கள், உங்கள் ஜெர்மன் தட்டுத்தடுமாறி வந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும்: நிஜத் துப்பாக்கி போலத் தெரியும் பொம்மையைத் தெருவில் வெளியே தெரியத் தூக்கிப் போவதற்கு ஜெர்மனியில் சட்டப்படி தடை உண்டு, அபராதம் விழும். ரயிலில் பைக்குள் பூட்டி எடுத்துப் போங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரனுக்கு ஜப்பான் கார்ட்டூன் மேல் ஏன் இத்தனை மோகம்? (ஓய்வு பெற்றவர், பள்ளத்தூர்)

உங்கள் வீட்டு வளவுச் சுவரில் பூப்போட்ட பளபள டைல்ஸ் பதித்திருந்தால் ஒருமுறை உற்றுப் பாருங்கள் ஐயா. ஜப்பான் சரக்கு மேல் மோகம் நமக்கும் இருந்தது, செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் காலத்து ஜப்பான் டைல்ஸ் நிறைய உண்டு. பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள், பர்மா தேக்கு என்று பெருமை பேசும்போது ஜப்பானை மட்டும் விட்டுவிடுவோம்!

ஐரோப்பாவில் கதை டிவியில் ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்குப் போட நிகழ்ச்சி வேண்டும், சொந்தமாக எடுக்கக் காசு அதிகம், ஜப்பானில் மலிவாகக் கிடைத்தது. சுவிட்சர்லாந்து மலைப் பெண் ஹெய்டியின் கார்ட்டூன் 1974-ல் ஜப்பானில் எடுத்தது, 1977-ல் ஜெர்மனிக்கு வந்தது. அதை ஜப்பான்காரர்கள் எடுத்தார்கள் என்று தெரியாமலே வளர்ந்தவர்கள் என் ஆபீசில் இருந்தார்கள். 1978-ல் ஜப்பானின் ஒரு ராட்சத ரோபோ தொடர் இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஓடிப் பிள்ளைகளைக் கட்டிப் போட்டது. பிறகு பிரான்ஸில் 1987 முதல் 1997 வரை பத்து வருஷம் 'கிளப் டொரோத்தே' என்ற சிறுவர் நிகழ்ச்சி, அதில் 'டிராகன் பால்' போன்ற ஜப்பான் கார்ட்டூன்கள். வன்முறை, தரக்குறைவு என்று பெரியவர்கள் கத்தினார்கள். பிள்ளைகள் கேட்டால்தானே. அந்தத் தலைமுறை வளர்ந்து தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு விழாவுக்கு வருகிறது. 2021-ல் பிரெஞ்சு அரசு 18 வயசானவர்களுக்குக் கலை, புத்தகம் என்று செலவழிக்க 300 யூரோ கொடுத்தபோது, அதில் ஏகப்பட்டது மங்கா என்ற ஜப்பான் காமிக்ஸ் வாங்கப் போய், திட்டத்துக்கே 'மங்கா பாஸ்' என்று கேலிப் பெயர் வந்துவிட்டது.

கேள்வி: மகள் மிலானில் படிக்கிறாள். லூக்கா என்ற ஊரில் வேஷம் போட்டுச் சுற்றப் போகிறாளாம். தனியாக விடலாமா? (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

விடுங்கள் ஆச்சி. லூக்கா கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊர், அக்டோபர் கடைசியில் ஊர் முழுக்கக் காமிக்ஸ் திருவிழா. 1966-ல் இருந்து நடக்கிறது, 2022-ல் 3 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. இந்த மாதிரி இடங்களில் கேட்காமல் படம் எடுக்காதே, தொடாதே, வேஷம் போட்டவள் எதற்கும் சம்மதித்ததாக அர்த்தம் இல்லை என்பது ரசிகர்களுக்குள் ஊறிப்போன விதி. நான் கவலைப்படுவது அறைக்குத்தான். சில மாசம் முன்பே பதிவு செய்யாவிட்டால் அந்த ஊரில் தலை சாய்க்க இடம் கிடைக்காது, ராத்திரி ரயிலுக்கு நெரிசலில் நிற்க வேண்டும். அதை மட்டும் மகளிடம் கேளுங்கள். துணியைப் பற்றிக் கேட்காதீர்கள், சண்டை வரும்.

கேள்வி: இந்த விழாக்களில் சைவம் கிடைக்குமா? (கண்டனூர்)

வெள்ளரிக்காய் சுஷி கிடைக்கும். மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும், கேட்டுக் குடியுங்கள். நான் கேட்காமல் குடித்தவன்.

கேள்வி: டெய்லர் கடை வைத்திருக்கிறேன். டான்ஜிரோ கோட்டு என்று பையன்கள் படம் கொண்டு வருகிறார்கள். கண்டாங்கிச் சேலையில் தைத்தால் சரியாக வருமா? (புதுவயல்)

உங்கள் கேள்விதான் அண்ணே எனக்கு ரொம்பப் பிடித்தது. டான்ஜிரோ என்பவன் 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமேயின் நாயகன். கண்டாங்கியில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி வரும் கட்டம், டான்ஜிரோ போடும் கோட்டில் பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் சதுரங்கப் பலகைக் கட்டம். ஜப்பானில் அதற்கு இச்சிமாத்சு என்று பெயர். அதனால் அச்சு அசலாக வேண்டும் என்கிற பையனுக்குக் கண்டாங்கி ஒத்து வராது, பச்சைப் பருத்தியில் கறுப்புச் சதுரம் வைத்துத் தைக்க வேண்டும். தைப்பு சுலபம்தான். கிமோனோத் துணியே ஒரு முழத்துக்கும் குறைந்த அகலத்தில்தான் நெய்வார்கள், எல்லாத் துண்டும் நேர்வெட்டு, அக்குளில் வளைவு கிடையாது, முன்பக்கம் பட்டன் கிடையாது.

ஜப்பானின் நகோயா நகரத்தில் 2003 முதல் உலக காஸ்ப்ளே (பாத்திரங்களைப் போல வேஷம் போடுவது) மாநாடு நடக்கிறது, 2005-ல் அது போட்டியானபோது முதல் பட்டம் இத்தாலிக்குப் போனது. அங்கே மேடை ஏறுகிறவர்கள் உடுப்பைத் தாங்களே செய்திருக்க வேண்டும், கடையில் தைத்து வாங்கினால் செல்லாது. ஆகவே போட்டிக்குப் போகிற பையன் வந்தால் தைத்துக் கொடுக்காதீர்கள், மெஷின் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துக் கூலி வாங்குங்கள். முதலில் பழைய வேட்டியில் ஒரு மாதிரி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கை நீளத்தை மட்டும் தாராளமாக விடுங்கள், வாள் ஓங்கும்போது மேலே ஏறும்.