இளவரசரின் கையெழுத்து

கேள்வி: ஐரோப்பாவின் சின்னஞ்சிறு முடியாட்சிகளில் அரசர் வெறும் அலங்காரம்தானே? நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில் கையெழுத்திடுவதைத் தவிர அவருக்கு வேறென்ன வேலை?

பதில்: கையெழுத்திட மறுக்க முடியும் என்றால் அவர் அலங்காரம் அல்ல. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே சுமார் 40,000 பேர் வாழும் லிக்டன்ஸ்டைனைப் பாருங்கள். தலைநகர் வாடுஸில் கூடும் நாடாளுமன்றத்தில் 25 உறுப்பினர்கள். அந்த 25 பேரும் ஒருமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றினாலும், நாட்டின் தலைவரான இளவரசர் ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் தராவிட்டால் அது செல்லாது. மக்களே வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்துக்கும் இதே கதிதான். நாடாளுமன்றத்தைக் கலைக்கவும் அவரால் முடியும்.

2011-இல் நடந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. கருக்கலைப்புக்கான தண்டனையைத் தளர்த்தலாமா என்று செப்டம்பரில் பொது வாக்கெடுப்பு. தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை நடத்திவரும் பட்டத்து இளவரசர் அலோயிஸ், மக்கள் ஆதரித்தாலும் ஒப்புதல் தரமாட்டேன் என்று ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார். சுமார் 52 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களிக்க, முயற்சி தோற்றது. இளவரசர் எதையும் நிராகரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. வாக்குச்சீட்டு கைக்கு வருமுன்பே முடிவைச் சொல்லிவிட்ட பிறகு அது என்ன வாக்கெடுப்பு?

அந்த அதிகாரம் மக்கள் விரும்பித் தந்ததுதானே என்பார்கள். உண்மை, 2012-இல் அதைக் குறைக்க வந்த யோசனையை 76 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஆனால் அதிகாரத்தைக் கூட்டிய 2003 வாக்கெடுப்பின்போது, தோற்றால் வியன்னாவுக்குக் குடிபோய்விடுவேன் என்றார் அன்றைய ஆட்சியாளர் இரண்டாம் ஹான்ஸ்-ஆடம். இப்படி மிரட்டிப் பெற்ற சம்மதத்தை நான் முழுச் சம்மதமாக எண்ணமாட்டேன்.

லக்சம்பர்க்கில் வேறு விதமாக நடந்தது. 2008-இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு மனசாட்சி இடம்தரவில்லை என்று கோமகன் ஆன்ரி மறுத்தார். நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி, சட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையே 2009-இல் எடுத்துவிட்டது. அவரும் அதற்கு உடன்பட்டார். 2025 வரை பட்டத்தில் நீடித்தார்.

வாடுஸின் 25 பேருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. அரசமைப்பைத் திருத்தவும் இளவரசரின் ஒப்புதல் வேண்டும். முடியாட்சியையே ஒழிப்பதற்கான வாக்கெடுப்பு மட்டும்தான் விதிவிலக்கு.