12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை 24 வோல்ட்டுக்கு மாற்றி அமைக்கலாமா?

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இந்தக் கன்ட்ரோலரின் மேல் ‘12/24 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் மாற்றலாம். வெறும் 12 என்றிருந்தால் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

உங்களிடம் இருப்பது 20 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், 60 செல் கொண்ட 250 வாட் பேனல் ஒன்று. இப்போது இரண்டு 12 வோல்ட் டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட்) பேட்டரிகளைத் தொடராக இணைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கன்ட்ரோலரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேனல்தான் இடிக்கிறது.

பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர், பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடுகிறது. வோல்டேஜை மாற்றித் தராது. 60 செல் பேனல் வேலை செய்யும் வோல்டேஜ் ஏறத்தாழ 30. இதுவரை 12 வோல்ட் பேட்டரியில் அதில் பாதிக்கு மேல் வீணாகிக்கொண்டிருந்தது: 8 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், நூற்றுச் சொச்சம் வாட்தான் வரும். 24க்குப் போனால் அந்த வீணடிப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த 30 என்பது 25 டிகிரியில் அளந்த கணக்கு. நம் ஊர் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். வோல்டேஜ் 26க்கு இறங்கிவிடும். பேட்டரி நிறைவதற்கோ 28.8 வோல்ட் வேண்டும். காலையில் ஜோராக ஏறுவதுபோல் தெரிந்தாலும் பேட்டரி முழுதாக நிறையாது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து ஆயுள் குறையும்.

பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது. வழக்கமான எம்.பி.பி.டி. வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. அதே பேனலில் இன்னொன்றையும் தொடராகச் சேர்த்தால்தான் அதற்குப் பயன். அப்போது சுமை இல்லாத வோல்டேஜ் 75ஐத் தொடும், குளிர்ந்த காலையில் தாண்டும். ஆகவே 75 வோல்ட் வரம்புள்ளது கூடாது, 100 வோல்ட் வரம்புள்ளதாக வாங்குங்கள். செலவு வேண்டாம் என்றால், பேனலைக் கொடுத்துவிட்டு 72 செல் பேனல் ஒன்றை மாட்டினால் பழைய பி.டபிள்யூ.எம்.மே தாராளம். அதன் பேனல் வரம்பு 50 வோல்ட்டாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி அமைப்பு. முதலில் பேனலைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரியை. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. பல கன்ட்ரோலர்கள் பேட்டரியை மாட்டியதும் தாமாகவே 12 அல்லது 24 என்று முடிவு செய்கின்றன. இந்தத் ‘தானியங்கி’யை நான் நம்புவதில்லை. வடிந்துபோன இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 16 வோல்ட் காட்டினால், அதை நிறைந்த 12 என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும். விக்ட்ரான் போன்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள் முதல் முறை கண்டறிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும்; அடுத்த முறை கைபேசிச் செயலியில் நாம்தான் மாற்ற வேண்டும். ஆகவே திரையில் 24 என்று வந்திருக்கிறதா என்று பார்க்காமல் பேனலை இணைக்காதீர்கள். பின்னாளில் 12க்குத் திரும்பினால் இன்னும் கவனம் வேண்டும்: 24 அமைப்பிலேயே விட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் 28 வரை திணிக்கப் பார்க்கும், அமிலம் கொதிக்கும்.

டியூபுலருக்கு நான் வைத்திருக்கும் எண்கள்: முழுச் சார்ஜ் 28.8, ஃப்ளோட் (நிறைந்த பிறகு அப்படியே வைத்திருக்கும் வோல்டேஜ்) 27.2. உங்கள் பேட்டரியின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். வெப்ப ஈடு, அதாவது 25 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏறச் சார்ஜ் வோல்டேஜைக் குறைப்பது, டிகிரிக்கு 48 மில்லிவோல்ட் என்று வைத்தால், 40 டிகிரியில் 28.8 என்பது 28.1 ஆகத் தானே இறங்கும். கோடையில் டிஸ்டில்டு வாட்டர் செலவு இதனால்தான் குறைகிறது. லித்தியம் பேட்டரி என்றால் இந்த ஈடும், ஈக்வலைஸும் (செல்களைச் சமன்படுத்த அவ்வப்போது தரும் கூடுதல் சார்ஜ்) அணைந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கன்ட்ரோலரின் லோடு முனையில் இனி 24 வரும். அதில் ஓடும் 12 வோல்ட் விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டரும் இந்தப் பேட்டரிக்கு ஆகாது. விளக்குக்காக இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அந்த ஒன்று மட்டும் தினமும் வடியும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். 24ஐ 12 ஆக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை, ஃப்யூஸோடு, மாட்டிக்கொள்ளுங்கள்.